ஐம்பதுக்கு இரண்டு குறைவு

சார்ப்ரூக்கனில் மழை பிடித்துக்கொண்டால்
ஆய்வகத்தின் மூன்றாம் மாடியில்
சர்வர் அறையின் இரைச்சல் எது, மழை எது என்று
பிரிக்க முடியாது.

நான்கு வருடமாக என் வேலை
ஒரு இயந்திரத்துக்குத் திருட்டை அடையாளம் காட்டுவது.
டார்ச் லைட் செயலி
உன் குறுஞ்செய்திகளைக் கேட்கிறதா?
வெளிச்சத்துக்கு எதற்கு வாசிப்பு, குறித்துக்கொள்.
பகலெல்லாம் சும்மா கிடந்துவிட்டு
இரவு மூன்று மணிக்கு எழுந்து
எங்கோ ஒரு முகவரியோடு பேசுகிறதா? குறித்துக்கொள்.
இப்படி ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
நல்லதுக்குப் பூஜ்யம், கெட்டதுக்கு ஒன்று.
நடுவில் எதையும் நான் சொல்லித்தரவில்லை.
நடுவை அதுவே கற்றுக்கொண்டது.

நவம்பரில் கேதாரகௌரி அக்கா வந்தார்.
மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை.
யூனியில் ஒரு தமிழ்ப் பிள்ளை
போன் வருத்தம் பார்க்குதாம் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
ப்ளீச்சில் ஊறித் தேய்ந்த விரல்;
ரேகையை ஃபோன் மூன்று முறை மறுத்தது.
எண்களை அழுத்தினார்.
கலியாண நாள் என்றார், நான் கேட்காமலே.

"ட்ராமாலை இறங்க முன்னமே
எங்கை நிக்கிறாய் எண்டு கேக்கிறார்.
தங்கச்சியோட கதைச்ச கதை
இரவுச் சாப்பாட்டிலை திரும்பி வருது.
பற்றரியும் மத்தியானத்துக்குள்ளை செத்துப்போகுது, பிள்ளை."

கேபிளைச் செருகினேன்.
நாற்பத்தோரு செயலிகள். நாற்பது சுத்தம்.
மற்றதன் பெயர் 'குடும்பப் பாதுகாப்பு',
பச்சைக் குடை படம்.
பூஜ்யம் புள்ளி நாலு எட்டு என்றது இயந்திரம்.
ஐம்பதைத் தொட்டால்தான் சிவப்பு.
மறுபடி ஓட்டினேன்.
மறுபடியும் நாலு எட்டு.

ஏனென்று எனக்குத் தெரியும்.
நான் காட்டிய திருடர்கள் எல்லோரும்
ஜன்னலை நெம்பி வந்தவர்கள்.
இது வாசல் வழியே,
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறது.
இருப்பிடம், அனுமதிக்கப்பட்டது.
ஒலிவாங்கி, அனுமதிக்கப்பட்டது.
குறுஞ்செய்தி, அனுமதிக்கப்பட்டது.
எல்லாம் அக்காவின் விரல்தான்.
"இதிலை அமத்து, இதிலை அமத்து எண்டு
பக்கத்திலை இருந்து காட்டினவர்."

வரம்பை நாற்பத்தைந்துக்கு இறக்கலாம்.
அன்றிரவு இறக்கிப் பார்த்தேன்.
அதோடு ஆயிரத்து முந்நூறு அப்பாவிகள் சிவந்தார்கள்:
தொழுகை நேரம் சொல்வது,
அழைப்பு மணியைக் காது கேளாதவரின் கையில் அதிரவைப்பது,
ஆற்றின் வெள்ளமட்டம் பார்ப்பது,
ஒரு பள்ளிப் பையன்
தன் நாயைத் தேடுவதற்காக எழுதியது.

காலையில் ஹென்னிங் வரைபடத்தைப் பார்த்தான்.
"ஒரே ஒரு மாதிரிக்காகவா இவ்வளவு?"
எங்கள் துறையில் மாதிரி என்றால் கோப்பு,
ஆள் இல்லை.
எனக்குத்தான் ஒரு மாதிரியாக இருந்தது.
ஏற்றிவிட்டேன், பழையபடி ஐம்பதுக்கு.

"நீக்கிவிடட்டுமா அக்கா?" என்று
அன்றே கேட்டிருந்தேன்.
"நீக்கினா அவருக்குத் தெரியவருமோ?"
வரும், அவர் ஃபோனுக்கு ஒரு அறிவிப்பு போகும்.
மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"அப்ப கிடக்கட்டும்.
என்ன எண்டு தெரிஞ்சுட்டுது தானே."

அடுத்த சுற்றுப் பயிற்சிக்கான பட்டியலில்
பச்சைக் குடைக்கு நேரே
என் கையால் ஒன்று என்று போட்டிருக்கிறேன்.
ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தில்
அது எவ்வளவு தூரம் கேட்கும், தெரியாது.

சனிக்கிழமைகளில் இப்போது
அக்காவுக்குக் கூடுதல் ஷிஃப்ட்.
பட்டியலில் பெயர் இருக்காது.
ஃபோன் மட்டும் போய்விடும் வேலைக்கு,
மடித்த படுக்கை விரிப்புகளின் நடுவில்
இரண்டு மணி நேரம் அசையாமல் கிடக்கும்.
அக்கா எங்கே போகிறார்?
நான் கேட்கவில்லை.

குடை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது:
இருபது சலவை இயந்திரங்கள் சுற்றும் சத்தத்தை
நிமிடத்துக்கு ஒருமுறை
வீட்டுக்கு அனுப்பியபடி.